பள்ளத்துக் கௌபி

ரோடன் கொட்டில்
2025 சித்திரை (ஏப்ரல்) 27, ஞாயிறு

மதிப்புக்குரிய மச்சான் கிருபானந்தன் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பால்மா ரின்னுக்குள் வைத்து மூடி, எலி திறக்காதபடி மேலே ஒரு செங்கல்லும் ஏற்றிவிட்டுப் போகிறேன். நான் நல்ல சுகம். என்னுடைய சுகத்தைப் பார்த்து இங்கே மரங்களே துளிர்க்கத் தொடங்கிவிட்டன.

முதலில் சட்டம். மொன்றியலுக்கு வடக்கே கிடக்கும் இந்தக் காணி இருவருக்கும் பொது. நடுவில் கட்டிய கயிற்றுக்கு மேலே மேட்டுப் பக்கம் உம்முடையது, கீழே காட்டோரத்துப் பள்ளப் பக்கம் என்னுடையது. உமக்கு அக்காவும் எனக்கு மனைவியுமான யோகராணி தை மாதம் போட்ட கட்டளைப்படி ஒரு சனி ஞாயிறு நான் மான் பார்க்க வருவேன், அடுத்த சனி ஞாயிறு நீர் வருவீர். முகம் பார்க்கத் தேவையில்லை. லவால் கலியாண மண்டபத்தில் இருநூறு பேருக்கு முன்னால் என்னைப் புளுகன் என்று சொன்ன வாயோடு எனக்கும் கதை இல்லை. என்னுடைய மான் என்று நான் போனில் காட்டிய அந்தப் படத்து மான் உம்முடைய பக்கத்தில் நின்றிருக்கலாம். ஆனால் அது என்னுடைய பக்கத்தால் நடந்துதான் அங்கே வந்தது. மானிடம் கேட்டுப் பாரும்.

ஒரு விஷயம்தான் எனக்கு விளங்கவில்லை. உம்முடைய கிழமைகளில் யோகராணி உம்முடைய காரில் ஏறி இங்கே வருகிறா. என்னுடைய கிழமை வந்தால் முழங்கால் நோகிறதாம். அந்த முழங்கால் உம்முடைய காரில் நோகாதோ? கேட்டால், "தம்பியோடை போனா மான் வருது, உங்களோடை போனா நீங்கள்தான் வாறியள்" என்கிறா. மானும் உம்முடைய பக்கம், மனுசியும் உம்முடைய பக்கம். ஒருவனுக்கு இவ்வளவு ஆகாது.

ஆகையால் இந்த வருடம் நான் கௌபி விதைக்கப் போகிறேன். நம்முடைய கடையில் வாங்கிய, சுண்டல் போடுகிற அதே கௌபிப் பயறு. மான் கௌபி இலையைக் கண்டால் பெற்ற பிள்ளையையும் மறந்துவிடும் என்று அமெரிக்காக்காரர் ஒருவர் வீடியோவில் சொன்னார். என்னுடைய பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் பார்வை முழுக்க என்னில்தான் இருந்தது. ஒரு ஏக்கர் பண்படுத்திவிட்டேன். காட்டிலிருந்து இறங்கும் மான் முதலில் மிதிப்பது என்னுடைய பள்ளத்தைத்தான். உம்முடைய புல்லுக்கு ஏறிவர அதற்கு இனி நேரம் இருக்காது.

இப்படிக்கு,
லவால் முழுக்கச் சிவநேசம் மாமா என்று அறியப்பட்ட
சிவநேசம்


வைகாசி 4

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. செங்கல்லை எலி தள்ளிவிட்டது.

உங்களுடைய ஒரு ஏக்கரை நடந்து பார்த்தேன். இரண்டு வான் நிறுத்தலாம். மூன்றாவதை நிறுத்தினால் கண்ணாடி உரசும்.

கௌபி வெயில் நாட்டுச் சாமான். உறைபனி பட்டால் ஒரே இரவில் அவித்த கீரை போலக் கறுத்துப் படுத்துவிடும். அதிலும் நீங்கள் பிடித்திருப்பது பள்ளம். காற்றில்லாத, முகில் இல்லாத இரவில் குளிர் தண்ணீர் மாதிரி மேட்டிலிருந்து வடிந்து கீழே போய்த் தேங்கும். என்னுடைய பக்கம் தப்பும் இரவில் உங்களுடைய பக்கம் உறையும். இந்தப் பகுதியில் வைகாசி கடைசிவரை இரவை நம்ப முடியாது. ஆனி பிறந்த பிறகு விதையுங்கள்.

நான் குளோவர் போட்டது வேறு கணக்கு. அது குளிர் தாங்கும் மூவிலைப் புல். பங்குனியில் உருகுகிற ஸ்னோவுக்கு மேலேயே தூவிவிட்டேன். நிலம் இரவில் உறைந்து பகலில் இளகும்போது விதையைத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். கௌபியை நிலம் அப்படி இழுக்காது, அழுகத்தான் வைக்கும்.

இதை உங்கள் நன்மைக்காக எழுதவில்லை. பேந்து கோயிலில் நின்று "கிருபா தெரிஞ்சும் சொல்லாமல் விட்டவன்" என்று நீங்கள் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அக்காவிடம் உங்கள் முழங்கால் கேள்வியைக் கேட்டேன். "அவற்றை பக்கம் ஒரு மான் வந்து திண்டிட்டுப் போகட்டும், அடுத்த கிழமையே நான் அவரோடை போய்ப் பக்கத்திலை இருக்கிறன். ஆனா மனுசன் வாயை மூடிக்கொண்டு இருக்கோணும்" என்றா. முதலாவது நடந்தாலும் நடக்கும்.

கிருபா


வைகாசி 11

மச்சான் அவர்களுக்கு,

உம்முடைய அறிவுரையை வாசித்தேன். கொட்டாவி வந்தது.

யோகராணி சொன்னதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். ஒரு மான். அவ்வளவுதானா? நான் ஒரு பட்டியையே இறக்கிக் காட்டுகிறேன்.

நீர் உறைபனியைப் பற்றி எனக்குப் படிப்பிக்கிறீர். அந்த உறைபனிக்குப் பொறுப்பானவர்கள் யார் என்று உமக்குத் தெரியுமோ? பக்கத்துப் பண்ணை முசியே ஜில் எனக்குச் சொன்னார். இந்த நாட்டில் குளிருக்கென்று மூன்று சாமிகள் இருக்கிறார்கள். மாமேர், பங்கிராஸ், செர்வே. இன்றைக்கும் நாளைக்கும் நாளையின்றைக்கும் அவர்களுடைய நாள். அவர்கள் போகுமுன் விதைத்தால் பயிரைக் கருக்கிவிட்டுத்தான் போவார்களாம். இங்குள்ள சனம் பயந்துபோய்க் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது. ஒருவருக்காவது அந்தச் சாமிகளுக்கு ஒரு மடை வைக்கத் தோன்றவில்லை. அவர்கள் கோபப்படாமல் என்ன செய்வார்கள்?

நான் வைத்தேன். மூன்று கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, வாழைப்பழம் வைத்து, மூன்று தேங்காய் உடைத்தேன். மூன்றும் நேர்பாதியாகப் பிளந்தன. வீசிக்கொண்டிருந்த குளிர்காற்று அந்த நிமிடமே திரும்பி ஒன்ராறியோப் பக்கம் போய்விட்டது. வேலியோரம் நின்ற முசியே ஜில் தொப்பியைக் கழற்றினார். அவருடைய கண்ணில் தண்ணீர்.

சூட்டோடு சூடாகக் கௌபியையும் விதைத்துவிட்டேன். நீர் ஆனிவரை விரலை எண்ணிக்கொண்டிரும். இப்போதும் மேட்டில் உம்முடைய புல்லைப் பார்த்தபடிதான் எழுதுகிறேன். பச்சையாக இருக்கிறது. அதிகம் பச்சையான சாமானில் சத்து இருக்காது.

சிவநேசம்


வைகாசி 18

அத்தானுக்கு,

முசியே ஜில்லைக் கண்டேன். அவருக்குக் கண்ணீர் வந்தது உண்மை. சிரித்துச் சிரித்து. இன்னும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

அவர் உங்களுக்கு இன்னொன்றும் சொன்னாராம், நீங்கள் கேட்காமல் தேங்காய்க்குத் தும்பு உரித்துக்கொண்டு இருந்தீர்களாம். அந்த மூன்று நாளும் கழிந்துவிட்டால் போதாது. அவர் தன்னுடைய போஞ்சி விதையை ஆனிப் பூரணைக்குப் பிறகுதான் நடுவாராம்.

உங்களுடைய பக்கம் ஒன்றும் முளைக்கவில்லை. தேங்காய்ப் பாதிகளை அணில் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது.

என்னுடைய பக்கம் நேற்றுப் பின்னேரம் ஐந்து மான் வந்தன. அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தா. காது கிழிந்த கிழட்டுப் பெட்டை ஒன்று இருக்கிறது, வயிற்றில் குட்டி. அதற்குப் பூர்ணா என்று பெயர் வைத்திருக்கிறா. உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சொல்ல ஆசையாக இருந்தது.

கிருபா


வைகாசி 27, செவ்வாய்

மச்சான் கிருபானந்தன் கவனத்துக்கு,

பெயரும் வைத்தாயிற்றோ? எங்களுடைய கலியாணத்துக்குப் பிறகு எனக்கே அவ ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை. "இஞ்சாருங்கோ" தான். ஒரு மானுக்குப் பெயர், அதுவும் உம்முடைய புல்லில் நின்ற மானுக்கு. அதை வாசித்த பிறகு சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. இரண்டாம் தரம் போட்டுத்தான் சாப்பிட்டேன்.

நிற்க. கௌபி முளைத்துவிட்டது. போன கிழமை அடித்த வெயிலுக்கு முளைத்ததென்று நீர் சொல்வீர். மடை வைத்ததற்கு முளைத்ததென்று நான் சொல்கிறேன். ஒவ்வொன்றும் இரண்டு இலை, கை கூப்பினது மாதிரி. ஒரு கோடி இருக்கும்.

ஞாயிறு பின்னேரம் ரேடியோவில் சொன்னார்கள், திங்கள் இரவு பள்ளமான இடங்களில் உறைபனி என்று. இன்னொருவன் என்றால் தலையில் கை வைத்திருப்பான். நான் வானை எடுத்துக்கொண்டு லவாலுக்குப் பறந்தேன். யோகராணி கோயிலுக்குப் போயிருந்தா. அலுமாரிக்குக் கீழே இருந்த பெரிய சூட்கேசை அப்படியே தூக்கி வானுக்குள் போட்டேன். அவ்வளவும் அவ இனிமேல் கட்டாத பழைய சேலைகள். கட்டாத சேலைக்கு ஒரு வேலை கொடுத்தால் புண்ணியம்தானே.

திங்கள் பொழுதுபட, கை விறைக்க விறைக்க, சேலைகளைப் பயிருக்கு மேல் ஒவ்வொன்றாக விரித்து ஓரத்துக்குக் கல் வைத்தேன். மொன்றியலில் இருந்து பார்த்தாலும் தெரிந்திருக்கும், பச்சையும் மஞ்சளும் நீலமுமாக. விடிய எழும்பிப் பார்த்தால் சுற்றியிருந்த புல்லெல்லாம் உப்புப் போட்ட மாதிரி வெள்ளை. சேலையைத் தூக்கினேன். கீழே என்னுடைய கௌபி, குளித்துவிட்டு வந்த பிள்ளை மாதிரி நிற்கிறது. ஒரு இலை கருகவில்லை.

உம்முடைய குளிர், உம்முடைய பள்ளம், உம்முடைய ஆனி மாதம், மூன்றையும் ஒரு சூட்கேஸ் வென்றுவிட்டது. இதைக் கண்ணாடி போட்டு இன்னொரு தரம் வாசியும்.

சேலைகளைச் சுருட்டிக்கொண்டு புறப்படுகிறேன். மான் இனி எந்தப் பக்கம் வருகிறதென்று பார்ப்போம்.

உறைபனியை வென்ற
சிவநேசம்


ஆனி 1

அத்தானுக்கு,

கௌபி தப்பியிருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி மற்றது. கார்க் கதவைத் திறந்தவுடனேயே மூக்கைப் பிடித்தோம். அக்கா அந்தச் சேலைகளுக்கு இடையில் பூச்சி உருண்டை வைத்திருந்தவ. நீங்கள் உதறி விரித்தபோது அவ்வளவும் பயிருக்குள் கொட்டிவிட்டது. பள்ளம் முழுக்க வெள்ளை வெள்ளையாக உருண்டு கிடக்கிறது. மான் வராமல் இருக்க இங்கே சிலர் தோட்டத்தில் கட்டித் தொங்கவிடுகிற சாமான் அது. நீங்கள் மானுக்கு விருந்து வைத்து, வாசலில் காவலும் போட்டிருக்கிறீர்கள்.

நேற்றுப் பின்னேரம் ஆறு மான் காட்டிலிருந்து இறங்கின. உங்களுடைய கௌபிக்குக் கிட்ட வந்து, மூக்கைச் சுளித்து, பெரிய வட்டமாகச் சுற்றி என்னுடைய மேட்டுக்கு ஏறிவந்தன. நான் சிரிக்கவில்லை. அக்கா சிரித்தா.

அவவுக்கு இன்னும் சூட்கேஸ் கதை தெரியாது. மணம் எங்கேயிருந்து வருகிறதென்று கேட்டா, முசியே ஜில் ஏதோ மருந்து அடித்திருப்பார் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், நீங்கள் சுருட்டும்போது ஒன்றை மறந்துவிட்டீர்கள். காட்டோரத் தொங்கலில், கடைசி மூலையில், சேறு பிரண்டு கிடந்தது. அரக்குச் சிவப்பு, அகலச் சரிகைக் கரை.

அது பழைய சேலை இல்லை, அத்தான். அது அக்காவின் கூறை. நீங்கள் தாலி கட்டும்போது அவ உடுத்திருந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிச் சந்தனக் கட்டையோடு தனியாக வைத்திருந்திருப்பா. நீங்கள் அதையும் உருவி மண்ணில் போட்டிருக்கிறீர்கள்.

இப்போது என்னுடைய கார் டிக்கியில், மேலதிக ரயருக்குக் கீழே இருக்கிறது. என்ன செய்வதென்று யோசிக்கிறேன். அவசரம் இல்லை.

கிருபா


ஆனி 8

அன்பு மச்சான் கிருபா,

பார்த்தீரோ, "அன்பு" என்று போட்டிருக்கிறேன்.

இருட்டில் நிறம் தெரியவில்லை. கை விறைத்துப் போயிருந்தது. வெள்ளைத் துணி ஒன்றை அவிழ்த்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குள் இருந்தது இதென்று தெரிந்திருந்தால் என்னுடைய வேட்டியை அவிழ்த்துப் போட்டிருப்பேன்.

இந்த இரண்டு நாளும் முழங்காலில் நின்று பூச்சி உருண்டை பொறுக்கினேன். இரண்டு வாளி. சரி, ஒரு வாளி. மான் வரவில்லை. உம்முடைய மேட்டில் குளம்படிக்கு மேலே குளம்படியாக இருக்கிறது. அதில் ஒரு கதிரையின் நாலு கால் பதிந்த அடையாளமும் இருக்கிறது. யோகராணி இருக்கிற இடம். புல்லு அமர்ந்து போயிருக்கிறது. நான் அதைப் பார்த்தபடி நின்றேன். மான் உம்முடைய புல்லைத் தின்கிறதே என்று எனக்கு எரிந்தது போன வருடம். இப்போது அந்தக் கதிரைக் கால் அடையாளத்தைப் பார்க்க எரிகிறது.

வீட்டில் அவ வியாழக்கிழமை அலுமாரிக்குக் கீழே கூட்டினா. சூட்கேசை இழுத்து வைத்துவிட்டு, "என்ன பாரம் குறைஞ்சு போச்சு" என்றா. நான் அமெரிக்காவில் புயல் அடிக்கிறதென்று கதையை மாற்றினேன்.

கிருபா, நீர் டோர்வல் எயார்போட் வேலையில் விமானத்துக்குள் எத்தனை பேர் மறந்துவிட்டுப் போனதை எடுத்துக் கொடுத்திருக்கிறீர். இதையும் அப்படி நினைத்து ரின்னுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போம். கழுவி, காயவைத்து, மடித்து வைத்துவிடுகிறேன். அவ அறியத் தேவையில்லை. அறிந்தால் மான் என்ன, யானை வந்தாலும் என்னுடைய பக்கம் வந்து இருக்க மாட்டா.

சிவநேசம்


ஆனி 15

அத்தான்,

நான் அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

நல்லெண்ணத்தில் கொடுக்கவில்லை. உங்களுக்கு நல்ல ஏச்சு விழட்டும் என்றுதான் கொடுத்தேன். ஏனென்றும் சொல்கிறேன். அக்கா என்னோடு வருகிறா என்று நீங்கள் எரிகிறீர்கள். அவ என்னோடு வந்து என்ன கதைக்கிறா தெரியுமோ? கார் லவாலைத் தாண்டமுதல் தொடங்கும். "அவர் சாப்பிட்டிருப்பாரோ. குளிசை போட்டிருப்பாரோ. இந்த மானை அவர் கண்டிருந்தா எத்தினை எண்டு சொல்லியிருப்பார்." மான் என்னுடைய மேட்டில் நிற்கும், அவவின் கண் கயிற்றுக்கு அந்தப் பக்கம், உங்களுடைய வெறும் பள்ளத்தில் இருக்கும். நான் பங்குனியில் இருந்து நடந்து நடந்து வளர்த்த புல்லு. எனக்குக் கூறை உடுத்தவ என்னை விட்டுப்போய் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறா, அந்தக் கூறை எங்கே கிடக்கிறதென்றும் எனக்குத் தெரியாது. நீங்கள் உங்களுடையதைச் சேற்றில் போட்டுவிட்டு ஆறுதலாக இருக்கிறீர்கள்.

அதனால் நேற்று டிக்கியைத் திறந்து காட்டினேன்.

அக்கா விரித்துப் பார்த்தா. சேறு காய்ந்து பொருக்காக இருந்தது, நகத்தால் சுரண்டினா. பேந்து, "இது எந்த இடத்திலை கிடந்தது?" என்று கேட்டா. கூட்டிக்கொண்டு போனேன்.

அத்தான், இதை நான் எழுதாவிட்டால் நீங்கள் நூறு மடங்காக எழுதுவீர்கள். அதனால் நானே எழுதுகிறேன். உங்களுடைய கௌபி முழுக்க நிற்கிறது, ஒருவரும் தொடவில்லை. ஆனால் காட்டோரத் தொங்கலில், அந்தக் கூறை கிடந்த நீளத்துக்கும் அகலத்துக்கும், கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி நுனி எல்லாம் கடிபட்டிருக்கிறது. பக்கத்தில் புதுக் குளம்படி. கூடவே ஒரு சின்னக் குளம்படி. கூறைக்குள் பூச்சி உருண்டை இருக்கவில்லைதானே. அந்த ஒரு பாத்தியில்தான் மணம் இல்லை.

அக்கா அதைப் பார்த்தா, கூறையைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. ஏசப் போகிறா என்று நானும் ஆசையாக நின்றேன். "அந்த மனுசன் என்ரை கூறையை மானுக்குப் பாயா விரிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினவ. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தா. பேந்து போய்ப் பள்ளத்தில் கிடந்த உங்களுடைய கை உடைந்த கதிரையில் இருந்துவிட்டா. என்னுடைய பக்கம் நாலு மான் நின்றது. திரும்பியும் பார்க்கவில்லை.

வாற சனி உங்களோடு வருவாவாம். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம்.

கிருபா


ஆனி 22

கிருபா,

யோகராணி வந்தா. முழங்கால் நோகவில்லை.

கூறையைப் பற்றி வழிமுழுக்க ஒரு சொல்லும் இல்லை. நான்தான் அமெரிக்கப் புயலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தேன். இங்கே வந்து இறங்கியதும், "இனிப் போதும்" என்றா. நிறுத்திவிட்டேன்.

பள்ளத்தில் இரண்டு கதிரை போட்டு இருந்தோம். பிளாஸ்கில் ரீ கொண்டுவந்திருந்தா. நுளம்பு கடித்தது, நான் அடிக்கவில்லை. இருமல் வந்தது, விழுங்கினேன். வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கியது.

ஒரு மான் வந்தது. காது கிழிந்த பூர்ணா. கடித்த இடத்திலேயே நின்று இன்னும் கொஞ்சம் கடித்தது. குட்டியைக் காணவில்லை, காட்டுக்குள் படுத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது.

ஒன்றுதான்.

போன பிறகு யோகராணி, "இஞ்சாருங்கோ, ரீ ஆறுது" என்றா.

வேறு எழுத ஒன்றும் இல்லை. உன்னுடைய குளோவர் பூக்கத் தொடங்கிவிட்டது, வெட்டிவிடு, திரும்பத் தளிர்க்கும். ஜில் சொன்னார். இந்தமுறை கடைசிவரை கேட்டேன்.

அத்தான்


ஆனி 29

அத்தான்,

"உன்னுடைய" என்று எழுதியிருக்கிறீர்கள். கலியாண மண்டபத்துக்குப் பிறகு முதல் தரம்.

அக்கா வரவில்லை, தனியாகத்தான் வந்தேன். மேட்டில் ஏழு மான். ஒருவருக்கும் காட்ட ஆள் இல்லாமல் நானே பார்த்துக்கொண்டு இருந்தேன். குளோவரை வெட்டிவிட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்களுடைய கடிதத்தில் ஒரு மான் என்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் அக்கா நாலைந்து பேருக்கு நடுவில் நின்று கதைத்துக்கொண்டிருந்தா. நான் செருப்புக் கழற்றுகிற மாதிரிப் பக்கத்தில் நின்று கேட்டேன். "பதினொரு மான் வந்தது. ஒண்டு கிட்ட வந்து என்ரை மடியிலை தலையை வைச்சுப்போட்டுப் போகுது" என்றா. நீங்கள் அவவுக்குப் பின்னால் பிரசாதத் தட்டோடு நின்று, "ஓம், ஓம்" என்று தலையாட்டினீர்கள்.

வாற சனி உங்களுடைய முறை. நானும் வரட்டோ? கதிரை நான் கொண்டுவாறன். எண்ணுவதற்கு ஒரு ஆள் வேண்டும்தானே.

கிருபா